44-ம் 18-ம்: திருச்சியில் ஒரு வைட்டமின் டி ரிப்போர்ட்

கிளாஸ்கோவில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு வைட்டமின் டி 44. திருச்சியில் எடுத்ததில் 18. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு எங்கள் ஐ.வி.எஃப். சிகிச்சையையே தள்ளிப்போடப் பார்த்தார்கள். முட்டை எடுத்தது, ஸ்கேன், மயக்க மருந்து எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. கருவைக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் டிரான்ஸ்ஃபர்தான் பாக்கி. சிக்கல் இந்த ஒரு காகிதத்தில்தான்.

இளம் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரொம்ப இறங்கிடுச்சு மேம். இப்ப டிரான்ஸ்ஃபர் பண்ணினா கரு ஒட்டாது. 6 லட்சம் யூனிட் ஊசி போட்டுட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்றார். பின்னாலேயே நர்ஸ் வந்து ஊசிக்குப் பில் போடச் சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெயிலே படாத ஊரில் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

அந்த எண்களுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு அச்சாகியிருந்தது. பிரிட்டனில் வைட்டமின் டி-யை லிட்டருக்கு எத்தனை நானோமோல் என்று சொல்வார்கள். நம் ஊர் லேப்களில் மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று வரும். இங்கே வரும் எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் அங்கே வரும் எண் கிடைக்கும். 18-ஐப் பெருக்கினால் 45. அதாவது எனக்கு ஒன்றுமே இறங்கவில்லை. அங்கேயும் குறைவு, இங்கேயும் அதே குறைவு. இதை நான் சொன்னபோது அந்த இளம் டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே "லேப்ல எல்லாம் சரியாத்தான் மேம் போட்டிருப்பாங்க" என்றார். லேப் சரியாகத்தான் போட்டிருந்தது. படித்தவர்தான் படிக்கவில்லை.

அதைவிட என்னைக் கோபப்படுத்தியது "கரு ஒட்டாது" என்ற அந்த உறுதி. 2018-ல் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 11 ஆய்வுகளை, சுமார் 2,700 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி போதுமான அளவு இருந்தவர்களுக்குக் குழந்தை பிறந்தது கொஞ்சம் அதிகம் என்று வந்தது உண்மைதான். ஆனால் அது தொடர்பு மட்டுமே. உடல் எடை, சாப்பாடு, வெளியில் நடமாடுவது என்று எதுவும் பின்னால் இருக்கலாம். மருந்தாகக் கொடுத்தால் பலன் உண்டா என்று இத்தாலியில் 630 பெண்களிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு ஒரே வேளையில் 6 லட்சம் யூனிட் குடிக்கக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்து. கரு தங்கியது முதல் கூட்டத்தில் 37 சதவீதம், போலி மருந்துக் கூட்டத்தில் 40 சதவீதம். எனக்கு ஊசியாகப் போடப் பார்த்தது அதே 6 லட்சம்! இப்படி மொத்தமாக ஏற்றுகிற மருந்தைத் தேவையில்லாமல் திரும்பத் திரும்பப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகக் கோளாறு வரை போகும். குழந்தைக்காக ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் "ஒட்டாது" என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகச் சொல்லவே கூடாது.

நம் ஊர் வேகம் மட்டும் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். விடியற்காலை ஒரு தம்பி பைக்கில் வந்து, "பயப்படாதீங்கக்கா" என்று வலிக்காமல் ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினான். சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கிளாஸ்கோவில் இதே பரிசோதனைக்கு டாக்டரைச் சம்மதிக்க வைப்பதே பெரும்பாடு. குளிர்காலம் முழுக்க அங்கே வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது, தினமும் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் ரிப்போர்ட் வந்தபிறகு அங்கே நர்ஸ் போனில் கூப்பிட்டு, எண்ணுக்கு என்ன அர்த்தம், கவலைப்படலாமா வேண்டாமா என்று பொறுமையாகச் சொன்னார். இங்கே அந்தப் பொறுமைக்குத்தான் ஆளில்லை.

பெரிய டாக்டரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா வர இரவாகிவிட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஊசி வேண்டாம் என்று சீட்டில் அடித்துவிட்டு, வாரம் ஒரு 60,000 யூனிட் சாஷே, எட்டு வாரம், பாலில் கலந்து குடிக்க எழுதினார். "குறைவா இருக்கிறது உண்மைதாம்மா, எலும்புக்காகவாவது சரிசெய்யணும். அதுக்காக டிரான்ஸ்ஃபரை நிறுத்த வேண்டாம்" என்றார். காலையிலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அம்மா ஒரு நாள் முழுக்க அழுதிருக்கமாட்டார்.

வெளிநாட்டு ரிப்போர்ட்டோடு ஊருக்குப் போகிறவர்கள், முதல் பக்கத்திலேயே இரண்டு அலகிலும் எண்ணைப் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள். அந்த மையத்துக்கும் இதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி வெளிநாட்டு ரிப்போர்ட் வந்தால் அலகை மாற்றி எழுதிய பிறகே டாக்டர் மேசைக்கு அனுப்புவதாக அங்குள்ள மேலாளர் சொன்னார்.