அயர்ன் பாக்ஸ் வயரை எங்கிருந்து இறக்குவது? கிளிப் கம்பி, எலாஸ்டிக், கார்ட்லெஸ்: ஓர் அலசல்

கஞ்சி போட்ட காட்டன் புடவையை நாலாக மடித்துப் பாதி தேய்த்த பிறகுதான் வயரின் சேட்டை தெரியும். பெட்டி இடப்பக்கம் போகும்போது பின்னாலேயே இழுபட்டு வரும் வயர், தேய்த்து முடித்த பக்கத்தின் மேல் ஏறி மறுபடி சுருக்கம் போட்டுவிடும். வெள்ளை வேட்டி என்றால் கூடவே ஒரு சாம்பல் கோடும் விழும். வயர் தரையில் புரண்டு சேர்த்த அழுக்கு அது. ரப்பர் காப்புக்கு மேல் நூல் பின்னியிருப்பதால் அழுக்கை நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த நூல் உறை தேவை. பருத்திச் சூட்டில் அடித்தட்டு 200 டிகிரி வரை போகும். சாதாரண பி.வி.சி. வயர் அதில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இந்த வயரை ஒதுக்கி வைக்க நாலைந்து வழிகள் உண்டு. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புடவையும் வேட்டியும் தேய்க்கிற வீட்டுக்கு, தலைக்கு மேலிருந்து எலாஸ்டிக்கில் தொங்கவிடுவதுதான் சரி. சட்டை, பேன்ட் மட்டும் என்றால் டேபிளில் மாட்டும் கிளிப் கம்பியே போதும். கார்ட்லெஸ் பெட்டி சிலருக்கு மட்டும். பட்டனை அழுத்தினால் வயர் உள்ளே சுருண்டுகொள்ளும் மாடல்கள் இந்தப் பிரச்சினைக்குப் பதிலே இல்லை. அவை எடுத்து வைக்கும்போது அழகாக இருக்கும், தேய்க்கும்போது எல்லா வயரையும் போலத்தான் புரளும்.

முதலில் கிளிப் கம்பி. டேபிள் ஓரத்தைத் திருகிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப், அதிலிருந்து எழும் ஸ்பிரிங் கம்பி, நுனியில் வயரைக் கவ்வும் கிளிப், அவ்வளவுதான். வலக்கைக்காரர்கள் டேபிளின் அகலமான முனையில், பின்பக்க வலது மூலையில் மாட்ட வேண்டும். இடக்கைக்காரர்கள் டேபிளையே திருப்பிப் போட்டு இடது மூலையில் மாட்ட வேண்டும். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் டேபிள் உறையை விலக்கி, இரும்புக் குழாயையே பிடிக்க விடுங்கள். துணி உறையின் மேல் முடுக்கினால் நாலு இழுப்பில் வழுக்கிச் சாய்ந்துவிடும்.

இதன் பலவீனம் வயரின் நீளக் கணக்கில் இருக்கிறது. டேபிள் மட்டத்திலிருந்து கம்பி நுனி 60 செ.மீ. உயரம், டேபிள் 110 செ.மீ. நீளம் என்று வையுங்கள். பெட்டி கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும்போது 61 செ.மீ. வயர் போதும். கூர் முனைக்குப் போனால் 125 செ.மீ. வேண்டும். அதாவது 64 செ.மீ. வயரை இந்த ஏற்பாடு ஒவ்வொரு முறையும் விட்டு வாங்க வேண்டும். ஸ்பிரிங் கம்பி வளைந்து கொடுப்பது அதில் ஒரு பகுதிதான். மிச்சம் தொளதொளவென்று டேபிள் மேல் வந்து விழும். சட்டைக்கு இது உறைக்காது. முதுகுப் பக்கமோ கையோ தேய்க்கும்போது பெட்டி ஓடுவது அரை மீட்டருக்குள்தான், அதற்கு 24 செ.மீ. விட்டுக் கொடுத்தால் போதும், கம்பியே சமாளித்துவிடும். ஐந்தரை மீட்டர் புடவையை டேபிளின் முழு நீளத்துக்கும் விரித்துத் தேய்க்கிறவர்களுக்குத்தான் கை நிற்கும்.

இனி மேலிருந்து தொங்கவிடுவது. டேபிளின் நடுவுக்கு நேர் மேலே, துணி மட்டத்திலிருந்து 110 செ.மீ. உயரத்தில் தொங்கும் புள்ளி. பெட்டி நடுவில் இருக்கும்போது 110 செ.மீ. வேண்டும். இரண்டு பக்கமும் அரை மீட்டர் போனாலும் 121 செ.மீ.தான். வித்தியாசம் வெறும் 11 செ.மீ. அதை ஒரு முழ எலாஸ்டிக் நீண்டு கொடுத்துவிடும். வயர் எந்த நேரத்திலும் துணியைத் தொடாது. பெங்களூரின் பீன்யா, பொம்மனஹள்ளி கார்மென்ட் யூனிட்களில் ஸ்டீம் அயர்னின் வயரும் தண்ணீர்க் குழாயும் மேலேயிருந்து இறங்குவது இதே கணக்கில்தான். நாள் முழுக்கத் தேய்க்கிறவர்கள் வயரை மேசை மேல் புரள விடுவதில்லை.

செலவு என்று பார்த்தால் பைஜாமாவுக்குப் போடும் முக்கால் அங்குல எலாஸ்டிக் அரை மீட்டர், ஒரு வெல்க்ரோ பட்டை, ஒரு ‘எஸ்’ கொக்கி. சிக்பேட்டையில் தையல் சாமான் விற்கும் கடையில் முதல் இரண்டும் கிடைக்கும். எலாஸ்டிக்கின் ஒரு முனையைக் கொக்கியில் கட்டுங்கள், மறுமுனையை வெல்க்ரோவோடு சேர்த்துத் தையுங்கள். பெட்டியிலிருந்து ஏறக்குறைய 80 செ.மீ. தள்ளி வயரைச் சுற்றி வெல்க்ரோவை ஒட்ட வேண்டும். வயரிலேயே முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சில் வயர் ஒடிந்து மடங்கும், உள்ளே செம்பு இழைகள் அங்கேதான் அறும்.

எலாஸ்டிக்கை விறைப்பாகக் கட்டுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தப்பு. சோதிப்பது சுலபம். பிளக் போடாமல், பெட்டியைக் குதிகாலில் நிறுத்தி, டேபிளின் இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். எலாஸ்டிக் பெட்டியை லேசாகக்கூட இழுக்கக் கூடாது. இழுத்தால் நீளத்தைக் கூட்டுங்கள். சூடான பெட்டி டேபிளிலிருந்து சாய்ந்தால் போவது துணி மட்டுமல்ல, காலும்தான். ரொம்பத் தொளதொளத்தாலும் பயனில்லை, வயர் வயிறு வைத்துத் துணியில் உட்காரும்.

எங்கே மாட்டுவது என்பதுதான் பெங்களூரில் உண்மையான சிக்கல். வாடகை வீட்டு ஓனர் சுவரில் ட்ரில் போட விடமாட்டார். ஃபேன் கொக்கியில் கட்டுவது வேண்டவே வேண்டாம். பரண் விளிம்பு, ஜன்னல் கிரில்லின் மேல் கம்பி, திரைச்சீலை ராடு மூன்றுமே தாங்கும், ஏனென்றால் தொங்கும் எடை வெறும் வயருடையது. அபார்ட்மென்ட் என்றால் இன்னும் நல்ல இடம் யூட்டிலிட்டி. அங்கே துணி காயப் போட, கயிறு இழுத்தால் ஏறி இறங்கும் ராடு சீலிங்கில் இருக்கும். ஒன்றை மட்டும் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்கு இறக்கிக் கட்டினால் ஆணியே அடிக்காமல் தொங்கும் புள்ளி தயார். வாஷிங் மெஷினுக்காகப் போட்ட 16 ஆம்பியர் பாயின்டும் பக்கத்திலேயே. ஒரு நிபந்தனை: தரை ஈரம் காய்ந்திருக்க வேண்டும், பக்கத்து ராடில் சொட்டச் சொட்டத் துணி தொங்கக் கூடாது, காலில் செருப்பு வேண்டும். வயரை ராடின் மேல் நேராகப் போடாமல் எலாஸ்டிக்கில்தான் தொங்கவிட வேண்டும். உறை தேய்ந்த வயர் உலோக ராடில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வயர் எட்டுமா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள். டிரை அயர்ன்களில் வயர் பெரும்பாலும் 2 மீட்டருக்குள்தான். சுவிட்ச் போர்டு 130 செ.மீ. உயரம், தொங்கும் புள்ளி 200 செ.மீ. என்றால், எலாஸ்டிக்கின் நீளத்தைக் கழிக்காமல் தாராளமாகக் கணக்கிட்டால் மேலே ஏற 70, அங்கிருந்து பெட்டிக்கு 121, ஆக 191 செ.மீ. போர்டு தொங்கும் புள்ளிக்கு நேர் கீழே இருந்தால் மட்டுமே இது போதும். ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் 240 செ.மீ.க்கு மேல் ஆகிவிடும். ஆகவே டேபிளைச் சுவிட்ச் போர்டுக்கு நகர்த்துங்கள்.

முடியாது என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுவும் பார்த்து வாங்க வேண்டியது. 1000 வாட்ஸ் டிரை அயர்ன் 230 வோல்ட்டில் இழுப்பது 4.3 ஆம்பியர், 6 ஆம்பியர் பாக்ஸ் தாங்கும். 2000 வாட்ஸ் ஸ்டீம் அயர்ன் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 1.5 சதுர மி.மீ. வயர் போட்ட 16 ஆம்பியர் பாக்ஸ்தான் வேண்டும். டிவிக்கும் மொபைல் சார்ஜருக்கும் வைத்திருக்கும் பாக்ஸில் கன்வெர்ட்டர் பிளக் போட்டுச் செருகினால் சாக்கெட் பழுப்பேறி இளகும். ரீலில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் என்றால் முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுற்றிலேயே விட்டால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லை.

கார்ட்லெஸ் பற்றி விளம்பரம் சொல்வதில் ஒன்று நிஜம்: வயரே இல்லை, இடக்கை வலக்கை எதுவும் இல்லை. சொல்லாதது சூட்டின் கணக்கு. ஸ்டாண்டில் வைக்கும்போதுதான் பெட்டி சூடேறும், கையில் எடுத்ததும் இருக்கிற சூட்டைச் செலவழிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 20 கிராம் நீராவி என்றால் அந்தத் தண்ணீரை ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 850 வாட்ஸ் போகும். 800 கிராம் அலுமினியத் தட்டு ஒரு டிகிரி இறங்கும்போது விடுவது 720 ஜூல். வினாடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் சூடு இறங்குகிறது என்று அர்த்தம், அரை நிமிடத்தில் 35 டிகிரி. 200-இல் தொடங்கிய பெட்டி பருத்திச் சூட்டிலிருந்து நழுவி, கஞ்சி போட்ட மடிப்பில் வெறுமனே தடவிக்கொண்டிருக்கும். பள்ளி யூனிஃபார்ம், பாலியஸ்டர் சட்டை, அவசரத்துக்கு ஒரு குர்தா இதற்கெல்லாம் நன்றாகவே ஓடும். அவற்றுக்குக் குறைந்த சூடு போதும், ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் போடும் நேரத்தில் பெட்டி ஸ்டாண்டில் உட்கார்ந்து சூடேறிக்கொள்ளும். காட்டன் புடவைக்கும் எட்டு முழ வேட்டிக்கும் வாங்காதீர்கள்.

(தெருமுனை இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டிக்கு இந்தத் தலைவலியே கிடையாது. இப்போது பெங்களூரில் பரவிவரும் எல்.பி.ஜி. பெட்டிக்கு ரப்பர் குழாய் உண்டு, அதனால் அவர்களுக்கும் இதே பாடுதான்.)

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துச் சின்ன வீடுகளில் டேபிள் போட இடமிருக்காது. கட்டிலில் போர்வையை நாலாக மடித்துப் போட்டுத் தேய்ப்பதுதான் வழக்கம். அங்கே கிளிப் கம்பியை மாட்ட விளிம்பு இல்லை. கட்டிலுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கிரில்லில் அதே எலாஸ்டிக்கைக் கட்டலாம், இல்லாவிட்டால் பீரோவின் மேல் கைப்பிடியில் கட்டலாம். படுக்கை மட்டம் டேபிளைவிடத் தாழ்வு என்பதால் எலாஸ்டிக்கை ஒரு சாண் நீட்டிக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கட்டில் மேல் வைக்கவே கூடாது, போர்வைக்கடியில் அது சூடாவது தெரியாது. வயரைத் தோளில் போட்டுக்கொண்டு தேய்ப்பது இன்னொரு பழக்கம். திரும்பும்போது தோள் இழுக்கும், நிறுத்தி வைத்த பெட்டி சாயும், விட்டுவிடுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் வயர் பெட்டிக்குள் நுழையும் கழுத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அங்கேதான் மடங்குகிறது, செம்பு இழைகள் ஒன்றொன்றாக அறுவதும் அங்கேதான். மிச்ச இழைகள் மொத்தக் கரன்ட்டையும் சுமந்து சூடாகும். வயரை ஆட்டினால் இண்டிகேட்டர் விளக்கு அணைந்து எரிவது, ரப்பர் கருகும் வாசனை, நூல் உறை பிரிந்து சிவப்போ பழுப்போ தெரிவது, இதில் எது வந்தாலும் அன்றே பிளக்கைக் கழற்றுங்கள். டேப் சுற்றி ஓட்டாதீர்கள். எஸ்.பி. ரோடு எலெக்ட்ரிக்கல் கடைகளில் நூல் பின்னிய மூன்று கோர் வயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும். தொங்கவிடுகிறவர்கள் மூன்று மீட்டராக வாங்கினால் எக்ஸ்டென்ஷனே வேண்டாம், 1000 வாட்ஸுக்கு ஒரு சதுர மி.மீ. தாராளம். மாற்றுபவரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: பழைய ரப்பர் ஸ்லீவுக்குப் பதில் புதிது, முனைகளில் ஈயம் வைக்காமல் திம்பிள் (வயர் நுனியில் நெரித்து மாட்டும் சின்ன உலோக முனை) போட்டு முடுக்குவது. பச்சை எர்த் வயரை மற்ற இரண்டையும்விட இரண்டு விரற்கடை நீளமாக விட்டு மாட்டச் சொல்லுங்கள். வயர் பிடுங்கிக்கொண்டால் எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும்.