பண்ணையில் குளிர்காலம்: பெண்களுக்கு எந்த வெஸ்டர்ன் ஜாக்கெட் தாங்கும்?

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மாநிலங்கள் பக்கம் மாடும் குதிரையும் வைத்துப் பிழைக்கும் பெண்களுக்குக் குளிர்காலத்தில் ஓய்வு கிடையாது. பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை பசுக்கள் கன்று போடும் காலம். நடுராத்திரியில் எழுந்து தொழுவத்துக்குப் போக வேண்டும், ஈரம் சொட்டும் கன்றைத் தூக்கி உள்ளே கொண்டுவர வேண்டும், விடிந்ததும் பனியில் வைக்கோல் பிரித்துப் போட வேண்டும். இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும் ஜாக்கெட்டைத் தேடிக் கடைக்குப் போனால், பெண்கள் பகுதியில் தொங்குபவற்றில் பலவும் பார்க்க மட்டும்தான் வெஸ்டர்ன், அதாவது கௌபாய் பாணி. அதனால் துணி துணியாகப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் அந்த ஊர்க் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர் கடுமை என்பது எல்லோருக்கும் தெரியும். அது சட்டென்று மாறும் என்பதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. 1972 ஜனவரியில் மொன்டானாவின் லோமா என்ற ஊரில், மலையிலிருந்து இறங்கும் ஷினூக் என்ற வெப்பக்காற்றால், மைனஸ் 48 டிகிரி செல்சியஸில் இருந்த வெப்பநிலை 24 மணி நேரத்துக்குள் 9 டிகிரிக்கு ஏறியது. அது உச்சபட்ச சம்பவம்தான். ஆனாலும் காலையில் உறைந்து மதியம் வியர்க்கும் நாட்கள் அங்கே சாதாரணம். ஆகவே ஒரே தடிமனான கோட்டை நம்புவதைவிட, கழற்றிப் போடத் தோதாக இரண்டு மூன்று அடுக்காக உடுத்துவதே சரி. கீழே நான் சொல்லும் எல்லாத் தீர்ப்பும் இதை வைத்துத்தான்.

எல்லோரும் முதலில் கை வைப்பது ஷெர்பா லைனிங் கொடுத்த டெனிம் ஜாக்கெட்டில்தான். லீவைஸ் பெண்களுக்கென்றே 1934இல் ‘லேடி லீவைஸ்’ ஜீன்ஸைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே டெனிம் அந்த நாட்டுப் பெண்களின் வேலை உடைகளில் ஒன்று. இடுப்போடு நிற்கும் அளவு, தோள்பட்டையில் கூடுதல் துணி, உள்ளே ஆட்டு ரோமம் மாதிரி பஞ்சுபஞ்சாக பாலியஸ்டர் லைனிங். அழகுக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் டெனிமுக்குள் காற்று புகும். நனைந்தால் காய நேரமாகும், மைனஸில் நின்றால் அட்டை மாதிரி விறைத்துப் போகும். ஷெர்பா காலரோடு வைக்கோல் வேலை செய்தவர்களுக்கு இன்னொரு தொல்லை தெரியும். காய்ந்த அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிரின் இலை நொறுங்கி அந்தப் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உதறினால் போகாது, துவைத்தாலும் பாதி அப்படியே இருக்கும், கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் குத்தும். தீவனக் கடைக்கும் ரோடியோ என்ற கௌபாய் போட்டிகளைப் பார்க்கவும் போட்டுக்கொண்டு போகலாம். வெயிலடிக்கும் வறண்ட நாளில் குதிரை மேலும் நன்றாகத்தான் இருக்கும். தொழுவ வேலைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அப்படியும் வாங்குவதென்றால், கை மட்டும் வழவழப்பான குவில்ட் (பஞ்சு வைத்துத் தைத்த) லைனிங்காக இருக்கிறதா என்று பாருங்கள். கையிலும் ஷெர்பா இருந்தால் ஸ்வெட்டரோடு கை உள்ளே நுழையாது.

அடுத்தது டக் கேன்வாஸ் என்ற முரட்டுப் பருத்தித் துணி. கார்ஹார்ட் நிறுவனம் 1889இல் டெட்ராய்ட்டில் தொடங்கி, ரயில்வே தொழிலாளர்களுக்கு உடை தைத்து வளர்ந்தது. அதன் பழுப்பு நிற கேன்வாஸ் ஜாக்கெட்டைப் பார்க்காமல் அங்கே எந்த ஊரையும் கடக்க முடியாது. சதுர கெஜத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிராம் எடையுள்ள பருத்தித் துணி. நெருக்கமான நெசவு என்பதால் காற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும். முள்கம்பி வேலிக்குள் குனிந்து நுழையும்போது மாட்டினால் கீறல் விழும், கிழியாது. புதிதில் முரட்டுத்தனமாக இருக்கும், முழங்கையை மடக்கவே சிரமம். துவைக்கத் துவைக்கப் பழகிவிடும். கன்று ஈன்ற இரவில் மேலெல்லாம் என்ன ஒட்டினாலும் தூக்கி வாஷிங் மெஷினில் போட்டுவிடலாம் என்பதே எனக்கு இதில் பெரிய விஷயம். குறை ஒன்று உண்டு: இதுவும் பருத்திதான். ஈரப்பனி கொட்டும் நாளில் தோளில் தண்ணீர் இறங்கி, கனத்துவிடும்.

பெண்களுக்கான கேன்வாஸ் ஜாக்கெட்டில் எனக்கு இருக்கும் கோபமெல்லாம் பாக்கெட்டின் மேல்தான். வேலி இடுக்கி, மடக்குக் கத்தி, வைக்கோல் கட்டும் கயிறு, கன்றுக்கு ஊசி மருந்து, இத்தனையும் வைக்க இடம் வேண்டும். ஆண்கள் ஜாக்கெட்டில் இருக்கும் ஆழம் பெண்கள் ஜாக்கெட்டில் பல நேரம் இருப்பதில்லை. கடையிலேயே கையுறையைப் போட்டுக்கொண்டு கையை விட்டுப் பாருங்கள். மணிக்கட்டு வரை போகவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

கம்பளி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். ஓரிகனில் இருக்கும் பெண்டில்டன் ஆலை 1949இல் பெண்களுக்கென்று ‘49-அர்’ என்ற கட்டம் போட்ட கம்பளிச் சட்டை ஜாக்கெட்டைக் கொண்டுவந்தது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். விறகடுப்பிலிருந்து பொறி தெறித்தால் சட்டென்று பற்றிக்கொள்ளாது. சத்தமும் போடாது, இது குதிரைக்காரர்களுக்கு முக்கியம். நைலான் ஜாக்கெட்டின் சரசரப்புக்கு மிரளும் இளங்குதிரை கம்பளிக்கு மிரளாது. ஆனால் மேல் ஜாக்கெட்டாக மட்டும் போட்டால் காற்று ஊடுருவும், நெருஞ்சி மாதிரி முட்களெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும், துவைப்பதற்கும் தனிக் கவனம் வேண்டும். கேன்வாஸுக்கு உள்ளே போடுவதற்கென்றே பிறந்தது என்பேன்.

வாத்து இறகு அடைத்த பஃபர் ஜாக்கெட்டுக்கு வருவோம். எடையைக் கணக்கில் எடுத்தால் இதன் சூட்டுக்கு எதுவும் கிட்டே வராது. ஆனால் மேல்துணி மெல்லிய நைலான். முள்கம்பி ஒரு முறை இழுத்தால் இறகு பறக்கும், ஒரு தீப்பொறி பட்டால் ஓட்டை. நனைந்தால் இறகு கட்டிக்கட்டியாகச் சுருண்டு சூடு போய்விடும். கையில்லாத வெஸ்ட்டாக வாங்கி உள்ளே போட்டால் இந்தக் குறைகள் எல்லாமே மறைந்துவிடும்.

செம்மறித்தோல் கோட்டு மிக நல்ல சூடு, மிக அதிக விலை, வீட்டில் துவைக்க முடியாது. மெழுகு பூசிய பருத்தி மழைக்குச் சரி, கடுங்குளிரில் விறைக்கும்.

எதை எடுத்தாலும் வெட்டு முக்கியம். குதிரை ஏறுபவர் என்றால் இடுப்போடு நிற்க வேண்டும். தொடை வரை நீண்டால் சேணத்தில் உட்காரும்போது மடங்கி வயிற்றில் ஏறும். முதுகில் இரு பக்கமும் மடிப்பு இருந்தால் கடிவாளத்தைப் பிடிக்கக் கை தாராளமாக நீளும். பிரஸ் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது. 1946இல் டென்வரில் தொடங்கிய ராக்மவுண்ட் நிறுவனம் தன் சட்டைகளில் அதைப் பிரபலப்படுத்தியது. சேணத்தின் கொம்பிலோ வேலியிலோ மாட்டினால் படக்கென்று திறந்து ஆளை விட்டுவிடும்.

என் தேர்வு இதுதான்: மேலே குவில்ட் லைனிங் வைத்த கேன்வாஸ், உள்ளே கம்பளிச் சட்டை, மைனஸ் 20க்குக் கீழே போனால் நடுவில் இறகு வெஸ்ட். ஒரு நல்ல செம்மறித்தோல் கோட்டின் விலைக்கு இந்த மூன்றையும் வாங்கிவிடலாம்.

அளவு பார்க்கும்போது உள்ளே போடப்போகும் கம்பளியையும் வெஸ்ட்டையும் அணிந்துகொண்டே பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, குந்தி உட்கார்ந்து, குனிந்து ஒரு முறை எழுந்திருங்கள். முதுகின் கீழ்ப்பக்கம் வெளியே தெரிந்தால் ஒரு சைஸ் கூட்டுவதைவிட, அதே சைஸில் ‘டால்’ என்று நீளம் கூட்டித் தைத்தது இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்களின் சின்ன சைஸை எடுத்தால் பாக்கெட் பிரச்சினை தீரும், ஆனால் பலருக்கு இடுப்பில் பிடிக்கும், கை நீளமாகத் தொங்கும்.