முன்பக்க இழுவைக்கு: கட்டு வளையமா, சேசிஸ் பிளேட்டா?

பல 4×4 வண்டிகளில் முன்பம்பருக்கு அடியில் தெரியும் மெல்லிய வளையம், வண்டியைக் கப்பலிலோ லாரியிலோ கட்டி அனுப்புவதற்கானது. கீழ்நோக்கிய இழுப்பைத் தாங்கும், அவ்வளவுதான். அச்சு வரை சேற்றில் புதைந்த வண்டியை, ரப்பர் போல நீண்டு சுருங்கும் கைனெட்டிக் கயிறு வெடுக்கென்று இழுத்தால் வளையம் பிய்ந்து, கயிற்றோடு இழுக்கும் வண்டியின் கண்ணாடியைத் தேடிப் பறக்கும்.

சேசிஸின் இரு பக்கமும் போல்ட் போடும், தாங்குதிறன் பொறித்த பிளேட்டுகள் விலை அதிகம்தான். ஆனால் வேறு வழியில்லை. கூடவே வரும் போல்ட்டுகளையே, தயாரிப்பாளர் சொன்ன டார்க்குக்கு (முடுக்கு விசைக்கு) முடுக்குங்கள். சாதா போல்ட் போட்டால் பிளேட்டுக்குக் கொடுத்த காசு வீண். கயிற்றைப் பிளேட்டில் மாட்டும் 4.75 டன் ஷாக்கிளின் (இரும்புக் கொளுவி) குறுக்குப் பின்னைக் கையால் முழுக்க முடுக்கி, கால் சுற்று தளர்த்துங்கள்; இல்லையென்றால் பாரம் ஏறியதும் இறுகிக்கொள்ளும். ஓரம் உருட்டப்படாத துளையில், கயிற்றால் ஆன சாஃப்ட் ஷாக்கிள் அறுந்துவிடும்.

பழைய வளையத்தைக் கழற்றிவிடுங்கள். இருட்டில் யாராவது அதில்தான் கொக்கியை மாட்டுவார்கள்.