நிக்கல் ஃபோம் ஹைட்ரஜன் கிட்: ஊட்டிக் குளிரில் எப்படி?

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கென்று விற்கப்படும் பெட்டி இது. பிளாட்டினமும் இரிடியமும் இல்லாமல் மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதுதான் வேலை. உள்ளே மூன்று ஜோடி மின்முனைகள், எல்லாம் 2 செ.மீ. சதுரம்: எவர்சில்வர் தகடு, வெறும் நிக்கல் ஃபோம் (பஞ்சு போல் துளைகள் நிறைந்த நிக்கல்), வினையூக்கிப் பூச்சு பூசிய ஃபோம். கடைசி ஜோடியில் ஆக்சிஜன் பக்கத்துக்கு நிக்கல்-இரும்பு, ஹைட்ரஜன் பக்கத்துக்கு நிக்கல்-மாலிப்டினம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. சோதனைக்குழாயில் சேரும் வாயுவை வைத்து வினையூக்கியின் தரத்தை எடை போடாதீர்கள். வாயுவின் அளவை முடிவு செய்வது மின்னோட்டம். 40 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் சுமார் 20 மில்லி ஹைட்ரஜன் சேரும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில், 15 டிகிரியில், 23 மில்லியைத் தாண்டும். மலையில் காற்றழுத்தம் குறைவு, வாயு விரிகிறது, அவ்வளவே. ‘மலைக்கு வந்ததும் பூச்சு நன்றாக வேலை செய்கிறது’ என்று மயங்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது வோல்ட்டை. அதே 40 மில்லி ஆம்பியருக்கு எவர்சில்வர் 2 வோல்ட் பக்கம் கேட்கும். பூச்சு ஜோடிக்கு 1.6 போதும். வாயு அதேதான், மின்சக்தி ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். காலையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் 8 டிகிரிக்கு இறங்கியிருந்தால் எல்லா ஜோடியிலும் வோல்ட் ஏறும். பீக்கரை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.

கையேட்டில் ஒரு பிழை. 1 மோலார் கரைசலுக்கு 250 மில்லியில் 14 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போடச் சொல்கிறது. கடையில் கிடைக்கும் வில்லைகள் பெரும்பாலும் 85 சதவீதம்தான், மீதி ஈரம், 16.5 கிராம் போட வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் மலை மூடுபனியில் வில்லை கசிந்துவிடும், காற்றின் கரியமில வாயுவையும் இழுத்துக் கார்பனேட்டாகும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடவே கூடாது. வாலை வடிநீர் மட்டும் பயன்படுத்துங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் உப்பு போட்டால் குளோரின் வரும்.

பெரிய குறை கிளிப்தான். முதலைவாய் கிளிப் கரைசலில் நனைந்தால் நேர்முனைப் பக்கச் செம்பு கரைந்து, நீலம் தட்டி, எதிர்முனையில் செம்பழுப்பாகப் படியும். அதன்பிறகு காட்டும் வோல்ட் செம்பின் வோல்ட், வினையூக்கியினுடையது அல்ல. ஃபோமின் மேல்பகுதியை வெளியே நீட்டி அங்கே கவ்வுங்கள்.

முனைகளை மாற்றி இணைத்தாலும் கெடும்: மாலிப்டினம் கரைந்தே போய்விடும். மின்சாரத்தை நிறுத்தியதும் ஃபோமை வெளியே எடுத்துக் கழுவி உலர்த்துங்கள். கையால் அழுத்தித் துடைத்தால் பூச்சு உதிரும். மாற்று மின்முனை தனியாக விற்கவில்லை என்பது எரிச்சல். ஒரு ஜோடி போனால் முழுப் பெட்டியையும் வாங்க வேண்டியிருக்கிறது.