கேம் அவார்ட்ஸை நம்பிக் காசு போடலாமா?

வருடாவருடம் வீடியோ கேம்களுக்கு விருது கொடுக்கும் த கேம் அவார்ட்ஸ் லொஸ் ஏஞ்சலிஸில் வியாழன் பின்னேரம் தொடங்கும்போது, மட்டக்களப்புக் கல்லடியில் எங்களுக்கு வெள்ளி விடியக்காலை ஆறு ஆறரை மணி. டிசம்பர் மாதம், வெளியே மழை ஊற்றும், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் முதல் நாள் இரவே போனையும் பவர் பேங்கையும் சார்ஜ் போட்டு வைத்துவிடுவேன். வருடத்துக்கு ஒரு கேம், மிஞ்சினால் இரண்டு கேம்தான் முழு விலைக்கு வாங்க முடியும். அதனால் அந்த விருது எனக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை, கிட்டத்தட்ட ஒரு கடைக்காரனின் சிபாரிசு மாதிரி. சிபாரிசு பொய்த்தால் போவது என் காசு.

சரி, நம்பலாமா? முடிவுகளை நம்பலாம் என்றுதான் சொல்வேன், ஐந்தில் நாலு கொடுப்பேன். 2014இல், நிகழ்ச்சியை நடத்தும் ஜெஃப் கீலி இதைத் தொடங்கியதிலிருந்து ஆண்டின் சிறந்த கேம் பட்டியலைப் பாருங்கள்: 2015இல் விட்சர் 3, 2017இல் செல்டா, 2022இல் எல்டன் ரிங், 2023இல் பால்டர்ஸ் கேட் 3. யார் வென்றிருக்க வேண்டும் என்று சண்டை பிடிக்கலாம், ஆனால் குப்பை என்று ஒன்றையும் தூக்கி எறிய முடியாது. அதற்குக் காரணம் வாக்குப் போடும் முறை. நூற்றுக்கும் மேற்பட்ட ஊடகங்களின் நடுவர் குழுவுக்கு 90 வீதம், பொதுமக்களுக்கு 10 வீதம்.

"அதென்ன, விளையாடுற எங்களுக்குப் பத்துத்தானா?" என்று மச்சான் ஒவ்வொரு வருடமும் கேட்பான். எனக்கும் முன்பு அந்தக் கோபம் இருந்தது, 2022இல் போய்விட்டது. அந்த வருடம் ரசிகர்கள் மட்டுமே வாக்களிக்கும் பிளேயர்ஸ் வொய்ஸ் பிரிவில் கென்ஷின் இம்பாக்ட் ஆட்களும் சோனிக் ஆட்களும் மோதினார்கள். கென்ஷின் வென்றால் கேமுக்குள் செலவழிக்கும் பிரிமோஜெம் நாணயம் சும்மா கிடைக்கும் என்று எதிர்பார்த்தே பலர் வாக்குப் போட்டார்கள், இரண்டு பக்கமும் பொட் எனும் தானியங்கி மென்பொருளை வைத்துக் கள்ளவாக்குப் போடுகிறது என்ற குற்றச்சாட்டும் பறந்தது. கேம் விற்கும் ஒன்லைன் கடையான ஸ்டீம் நடத்தும் ஸ்டீம் அவார்ட்ஸ் முழுக்கவே ரசிகர் வாக்கு. அங்கே 2023இல், விடாமல் பராமரிக்கப்படும் கேமுக்கான விருது ரெட் டெட் 2க்குப் போனது, அதன் ஒன்லைன் பகுதிக்குப் பெரிய அப்டேட் இனி வராது என்று முந்தைய வருடமே அறிவித்திருந்தார்கள். அதை நம்பி ஒருவன் காசு கட்டியிருந்தால்?

அதற்காக நடுவர்கள் பிழையே விடாதவர்கள் என்று சொல்லவில்லை. 2023இல் டேவ் த டைவரைச் சிறந்த சுயாதீன கேம் பிரிவுக்குப் பரிந்துரைத்தார்கள். நல்ல கேம்தான், ஆனால் செய்தது நெக்ஸன் என்ற பெரிய கம்பனியின் கிளை. சொந்தக் காசைப் போட்டு நாலு பேர் சேர்ந்து செய்த கேம் ஒன்று நிற்க வேண்டிய இடம் அது.

என் மனம் வெறுத்துப்போனது நிகழ்ச்சியில்தான். அதற்கு ஐந்தில் இரண்டுக்கு மேல் தர மாட்டேன். 2022இல் ஒரு நடிகர் நன்றி சொல்ல நெடுநேரம் எடுத்தார் என்று 2023இல் வென்றவர்களை அரை நிமிடத்தில் இறக்கப் பார்த்தார்கள். பால்டர்ஸ் கேட்டுக்காக அதைச் செய்த கம்பனியின் தலைவர் சுவென் விங்கே கவச உடையோடு மேடைக்கு வந்து, அந்த நவம்பரில் இறந்துபோன தன் குழுவின் கலைஞரைப் பற்றிச் சொல்லும்போது, முன்னால் இருந்த திரை முடிக்கச் சொல்லி மின்னிக்கொண்டிருந்தது. அதே இரவில் பிரபல ஜப்பானிய கேம் இயக்குனர் ஹிடியோ கொஜிமா, தான் அடுத்துச் செய்யப்போகும் கேமைப் பற்றி ஆறுதலாக நின்று கதைத்தார். அந்த வருடத்தின் ஆகப் பெரிய விருதை வாங்கியவருக்கு நேரம் இல்லை, இன்னும் வராத கேமுக்கு நேரம் இருக்கிறது. கீலி நடத்தும் இன்னொரு நிகழ்ச்சியான சம்மர் கேம் ஃபெஸ்டில் 2024இல் ஒரு நிமிட ட்ரெய்லருக்கு 250,000 டொலர் என்று எஸ்குவயர் சஞ்சிகை எழுதியது. எங்கே காசு, எங்கே விருது என்று பார்ப்பவனுக்குப் பிரித்துக் காட்ட வேண்டாமா? விருதுகளுக்கு நடுவே வரும் ட்ரெய்லரைப் பார்த்து முற்பதிவு மட்டும் செய்யாதீர்கள், விருதின் மரியாதை அதற்குக் கிடையாது.

ஆனாலும் விட முடியவில்லை, 2021தான் காரணம். இட் டேக்ஸ் டூ வென்றபோதுதான் அதன் பெயரே எனக்குத் தெரியும். இரண்டு பேர் சேர்ந்தால்தான் விளையாடலாம், ஒரு கொப்பி போதும். தங்கச்சிக்கு ஆணி, எனக்குச் சுத்தியல். அவள் ஆணியை எறிந்து பலகையில் குத்த, நான் சுத்தியலை அதில் கொளுவித் தொங்கி அடுத்த பக்கம் பாய வேண்டும். அவளுடைய கொன்ட்ரோலரின் இடது ஸ்டிக் தானாகவே ஒரு பக்கம் இழுக்கும், அதற்குள்ளும் "பொறு அண்ணா, பொறு, இப்பப் பாய்" என்று கத்திக் கத்தி முடித்தாள். கேமே தொடாத பிள்ளை அவள். அந்த விருது இல்லாவிட்டால் நான் அதை வாங்கியே இருக்க மாட்டேன்.

இட் டேக்ஸ் டூவைச் செய்த அதே ஹேஸ்லைட் கம்பனியின் ஸ்பிளிட் ஃபிக்ஷன், 2025இல் ஆண்டின் சிறந்த கேமுக்கான ஆறு பேர் பட்டியலில் இல்லை. வென்றது எக்ஸ்பெடிஷன் 33, வெல்ல வேண்டியதுதான். ஆனால் தங்கச்சி "மறுகா அதை வாங்குவம், முதல்ல ஸ்பிளிட் ஃபிக்ஷன்" என்கிறாள். புது கொன்ட்ரோலர் ஒன்றுக்கும் சேர்த்துக் காசு சேர்க்கிறோம்.