செல்ஃப் இன்ட்ரோ: மனப்பாடமா, கையில் மூன்று விஷயமா?

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ எஸ்டேட்டில் ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்குப் போன வருஷம் வேலை மாறினேன். அதற்குள் நாலு இன்டர்வியூ. முதல் இரண்டுக்கு மனப்பாடம் செய்த செல்ஃப் இன்ட்ரோவோடு போனேன். அடுத்த இரண்டுக்கு மனதில் மூன்று விஷயம் மட்டும். நான் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

அயர்ன் சட்டை, நேராக உட்கார்வது, ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பிக்காமல் ‘ஐ யாம்’ என்பது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம். ரெஸ்யூமில் உள்ளதையே பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து வரிசையாக ஒப்பிக்கிற வழி ஒன்றும் உண்டு. அந்தத் தாள் இன்டர்வியூ எடுப்பவர் கையிலேயே இருக்கிறது, நாம் வேறு எதற்கு வாசிக்க வேண்டும்?

மனப்பாடத்துக்கு வருகிறேன். கோரிப்பாளையம் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் ஜெராக்ஸ் போட்டு ஒரு பத்தி கொடுத்தார்கள். பெயரும் ஊரும் மட்டும் காலியிடம். ‘ஐ யாம் எ குயிக் லேர்னர், ஹார்ட் ஒர்க்கர்’ எல்லாம் அச்சிலேயே இருந்தது. ஒரு வாரம் மொட்டைமாடியில் நடந்து நடந்து உரு போட்டேன். அதில் லாபம் இல்லாமலில்லை. நாக்கு குழறவில்லை, ஆங்கிலத்தில் தப்பு வரவில்லை, பயமும் பாதி குறைந்தது. கேம்பஸில் வரிசையாக முப்பது பேரை உட்காரவைத்து, சரளமாகப் பேசுகிறானா என்று மட்டும் பார்க்கிற ரவுண்டுக்கு அது போதும் என்றே நினைக்கிறேன். என் கூடப் படித்த இரண்டு பேர் அப்படித்தான் கால் சென்டர் வேலைக்குப் போனார்கள்.

நான் சறுக்கிய இடம் வேறு. ‘குயிக் லேர்னர்’ வரும்போது எதிரில் இருந்தவர் கை காட்டி நிறுத்தி, “சமீபத்துல என்ன கத்துக்கிட்டீங்க?” என்றார். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரெட்டு எட்டிலிருந்து தொடங்குவோமே, அந்த மாதிரி என் வாய் மறுபடியும் ‘ஐ யாம் ஃப்ரம் மதுரை’ என்று முதல் வரிக்குப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

என் கணக்கில் விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. செல்ஃப் இன்ட்ரோ முடிந்ததும் வருகிற அடுத்த கேள்வி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் சொன்ன வார்த்தையிலிருந்துதான். அவருக்கும் காலையிலிருந்து பத்தாவது ஆள் நாம், ரெஸ்யூமை அப்போதுதான் புரட்டுகிறார். எதைப் பிடித்துக் கேட்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நாமே ஒரு நுனியைக் கொடுத்துவிடலாம். ‘ஹார்ட் ஒர்க்கர்’ என்பதில் பிடிக்க நுனியே கிடையாது. பிடித்தாலும் மறுமுனையில் நம்மிடம் ஒன்றும் இருக்காது.

மூன்றாவது இன்டர்வியூவிலிருந்து நான் கொண்டுபோன மூன்று விஷயங்கள்: இப்போது என்ன வேலை பார்க்கிறேன், அதில் நானே செய்த ஒரு காரியம், இந்தக் கம்பெனிக்கு ஏன் வந்தேன். நடுவில் உள்ளதுதான் சரக்கு. (மோல்டு என்பது ரப்பர் பாகத்துக்கான அச்சு, கேவிட்டி அதில் ஒவ்வொரு பீஸும் உருவாகும் குழி.) நான் சொன்னது இவ்வளவுதான்: “குவாலிட்டியில இருக்கேன் சார். 16 கேவிட்டி மோல்டு ஒண்ணுல ரிஜெக்ட் அதிகம். ரிஜெக்ட் ஆன பீஸை கேவிட்டி நம்பர் வாரியா தனித்தனி டப்பாவுல போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல 13, 16லேருந்துதான் வந்துச்சு.”

அங்கேயே நிறுத்திவிட்டேன். அவர் பேனாவை எடுத்து ஒரு தாளில் நாலுக்கு நாலு வட்டம் போட்டார். “ரெண்டும் மூலை. அப்புறம்?” காற்று வெளியேறும் வழி அடைத்திருந்ததையும், ஓரம் நிரம்பாமல் பீஸ் வந்ததையும், சுத்தம் செய்தபின் ஷிப்டுக்கு 40 பீஸ் ரிஜெக்ட் ஆனது 12 ஆனதையும் சொன்னேன். இருபது நிமிஷம் அந்தத் தாளைச் சுற்றியே பேச்சு ஓடியது. பாதியில் “தமிழ்ல சொல்லலாமா சார்?” என்று கேட்டதற்குத் தலையாட்டினார். வடக்கே உள்ள கஸ்டமரோடு பேசுகிற வேலையாக இருந்தால் விட்டிருக்கமாட்டார்.

குடும்ப விவரம்? பெரிய கம்பெனிகளில் தேவையில்லை. இங்கே முதலாளியே எதிரில் உட்காரும் இடங்களில் “எந்த ஊரு தம்பி?” வராமல் இருக்காது. நைட் ஷிப்டுக்கு வருவானா, ஆறு மாசத்தில் ஓடிவிடுவானா என்பதுதான் அதன் பாதி அர்த்தம். மீதிப் பாதியில் வேறொரு கேள்வி ஒளிந்திருப்பது நமக்குத் தெரியாததா? “திருமங்கலம் சார், வண்டி இருக்கு, எந்த ஷிப்டும் வரலாம்” என்று பதிலை வண்டியோடு நிறுத்திவிடுவேன்.

இந்த வழியில் பராமரிப்பு வேலை அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. மனப்பாடப் பத்தி எந்த வாசலுக்கும் அப்படியே போகும். இதில் மூன்றாவது விஷயத்தை ஒவ்வொரு கம்பெனிக்கும் புதிதாக யோசிக்க வேண்டும். இரவல் வாங்கவும் முடியாது. கூட வேலை பார்த்த ஒருவன் என் மோல்டு கதையையே ஓர் இடத்தில் சொல்லி, “க்யூரிங் டெம்பரேச்சர் எவ்வளவு வெச்சீங்க?” என்று, ரப்பரை மோல்டில் வேகவைக்கும் சூட்டைக் கேட்டதும் முழித்துவிட்டு வந்தான்.

வேலை அனுபவமே இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்கலாம். என் சித்தி மகன் பி.காம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அவன் அப்பா கமிஷன் கடையில் விடிகாலைக் கணக்கு அவன்தான் எழுதுகிறான். மல்லிகை விலை ஒரே காலையில் ஏறி இறங்கும் என்பதால் துண்டுச்சீட்டில் எடையோடு நேரத்தையும் குறிக்க ஆரம்பித்திருக்கிறான். சாயங்காலம் பாக்கித் தகராறு வந்தால் அந்த நேரம்தான் சாட்சி. ரெஸ்யூமில் இதில் ஒரு வார்த்தை இல்லை. “பூக்கடையைப் போய் எப்படிண்ணே சொல்றது?” என்றான். ஓர் ஆடிட்டர் ஆபீசில் சொன்னான். பாக்கியை எப்படி எழுதுவாய் என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்களாம்.

கேமரா முன் பேசி அனுப்பச் சொல்கிற வகையை நான் ஒரே ஒருமுறைதான் செய்திருக்கிறேன். அடுத்த கேள்வி கேட்க ஆள் இல்லாத அங்கே என் வழிக்கு எவ்வளவு பலன் என்று அடித்துச் சொல்லமாட்டேன். மனப்பாடம் அங்கே ஜெயித்தாலும் ஜெயிக்கும்.

அடுத்த வாரம் இலந்தைகுளம் ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் வேலைக்குத் தம்பி போகிறான். அங்கே பூக்கடை எடுபடுமா என்று நேற்று போன் செய்தான். ஏன் அந்தக் கம்பெனிக்கு வந்தாய் என்பதை மட்டும் மாற்றிக்கொள், பூக்கடை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.