நுரைக்கும் என்.ஏ.சி. 600 மாத்திரை: சளிக்கு நாலு நட்சத்திரம், பெட்டியில் எழுதியதற்கு ஒன்று

பாக்டீரியா நிமோனியா வந்து ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் முடிந்த கையோடு வாங்கியது இது. காய்ச்சல் போய்விட்டது, மூச்சும் பரவாயில்லை, நெஞ்சில் ஒட்டிய சளி மட்டும் கிளம்புகிற வழியாக இல்லை. டாக்டரிடம் கேட்டேன். சளிக்கு வேண்டுமானால் போட்டுப் பாருங்கள் என்றார், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பத்து நாள், தினம் ஒன்று, ஒரு டம்ளர் தண்ணீரில்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாளிலிருந்து சளி இளகி வந்தது. முதல் இரண்டு நாள் இருமல் கூடின மாதிரி இருந்ததால் பயந்துபோனேன், அப்புறம்தான் புரிந்தது, இறுகிக் கிடந்தது தண்ணீராகி மேலே வரும்போது அப்படித்தான் இருக்கும். சளியில் இருக்கும் மியூசின் புரதங்களைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன, என்.ஏ.சி. என்கிற என்-அசிட்டைல் சிஸ்டீன் தன்னிடமுள்ள கந்தகத்தைக் கொண்டு அந்த முடிச்சுகளை அவிழ்க்கிறது, 1960களிலிருந்தே சளி இளக்கியாகப் புழக்கத்தில் இருக்கும் பழைய சரக்கு. டியூபைத் திறந்ததும் வரும் அழுகின முட்டை வாசனைக்கும் அந்தக் கந்தகம்தான் காரணம், கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் வாய்வழியாகப் போவதில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் அப்படியே ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது, அதனால் என் சளியை இளக்கியது மாத்திரையா, இல்லை எப்படியும் அந்த வாரம் இளகியிருக்குமா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன்.

என் சண்டை பெட்டியோடுதான். முன்பக்கம் பெரிய எழுத்தில் "நுரையீரல் செல்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கவசம்", அதன் கீழே "தொற்றை எதிர்க்கும்". ஆக்ஸிடன்ட் (பக்கத்தில் இருப்பதைத் தாக்கிச் சிதைக்கும் ரசாயனம்) என்றால் வில்லன், அதை அடக்கினால் கிருமி ஓடிவிடும் என்ற கதை. நிஜம் கிட்டத்தட்ட தலைகீழ். கிருமியைக் கொல்ல ஆக்ஸிடன்ட்டைத் தயாரிப்பதே நம் உடம்புதான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு பாக்டீரியாவை விழுங்கி ஒரு சின்னப் பைக்குள் அடைத்து, அதற்குள் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, கடைசியில் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்று வரிசையாக ஊற்றுகிறது (ப்ளீச்சுக்குக் கிட்டத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்). இந்த வேலைக்கான என்சைம் பிறவியிலேயே பழுதாக இருப்பவர்களுக்கு வரும் நோயின் பெயர் க்ரானிக் கிரானுலோமட்டஸ் டிசீஸ். சாதாரணமாகச் சமாளிக்கிற கிருமிகளும் பூஞ்சைகளும்கூட அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்கும். ஆக, தொற்று நடக்கும்போது ஆக்ஸிடன்ட்டை மொத்தமாகத் துடைத்தெடுக்கிற மாத்திரை ஒன்று நிஜமாகவே இருந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன்.

அந்த அமிலமும் பெராக்சைடும் வெளியே சிந்தும்போது பக்கத்திலுள்ள நம் சொந்தச் செல்களும் வேகும் என்பதுதான் சிக்கல். போதாக்குறைக்குக் கிருமியும் தன் பங்குக்கு ஊற்றுகிறது: நிமோனியாவுக்குக் காரணமாகும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா தானே ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரித்து வெளியே விடுகிறது, மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்களின் அசைவு அதனால் பாதிக்கப்படுகிறது. சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா பயோசயனின் என்ற நீலப்பச்சை நிறமியை விட்டு, நம் செல்லுக்குள் ஆக்ஸிடன்ட்டை அடக்கும் குளூட்டாதயோனைக் குறைக்கிறது.

குளூட்டாதயோன்தான் இங்கே கதாநாயகன், மூன்று அமினோ அமிலம் கோத்த குட்டி மூலக்கூறு. நுரையீரலின் உட்புறத்தைப் பூசியிருக்கும் மெல்லிய திரவத்தில் இதன் அளவு ரத்த பிளாஸ்மாவைப் போல நூறு மடங்குக்கும் மேல். இது குறையக் குறைய அதிகமாகச் செய்துகொள்ளச் செல்லிடமே ஒரு சுவிட்ச் இருக்கிறது, பெயர் என்.ஆர்.எஃப்.2. சாதாரண நாளில் கீப்-1 என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிடன்ட் வந்து கீப்-1இன் மேல் இருக்கும் சிஸ்டீன்களை (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) சீண்டியதும் பிடி விடுகிறது, என்.ஆர்.எஃப்.2 செல்லின் உட்கருவுக்குள் போய் குளூட்டாதயோன் தயாரிக்கும் என்சைம், ஹீம் ஆக்சிஜனேஸ் என்று ஒரு பாதுகாப்புக் கூட்டத்தையே எழுப்பிவிடுகிறது. எனக்குப் பிடித்த பகுதி: அதே என்.ஆர்.எஃப்.2 நுரையீரலின் மேக்ரோஃபேஜ் என்ற கிருமி விழுங்கும் செல்களில் மார்க்கோ என்ற ஏற்பியையும் கூட்டுகிறது, பாக்டீரியாவைப் பிடித்து விழுங்க உதவுவது அது. ஆக, கேடயம் தூக்கச் சொல்கிற அதே உத்தரவில் வாளையும் எடுக்கச் சொல்கிறது, இதைப் பெட்டியில் போட்டிருந்தால் நானே நட்சத்திரம் கூட்டியிருப்பேன்.

இதில் மாத்திரையின் பங்கு என்னவென்றால் கச்சாப் பொருள் சப்ளை, அவ்வளவுதான். குளூட்டாதயோனுக்குத் தேவையான மூன்றில் தட்டுப்பாடு வருவது பெரும்பாலும் சிஸ்டீனுக்கு, என்.ஏ.சி. அதைக் கொடுக்கிறது. பொய் இல்லை, பாராசிட்டமால் அளவு மீறிப் போனவர்களின் கல்லீரலை இதே மருந்தைக் கொடுத்துத்தான் காப்பாற்றுகிறார்கள், ஆனால் அந்த டோஸ் வேறு, ஆஸ்பத்திரி சமாச்சாரம். நுரையீரல் பக்கம் வந்தால் கதை மங்குகிறது. சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்களிடம் தினம் 600 மில்லிகிராம் கொடுத்து மூன்று வருடம் பார்த்த ஆய்வு 2005இல் வந்தது, நுரையீரல் திறன் குறைவதை அது தடுக்கவில்லை. 2014இல் வந்த இன்னொரு ஆய்வில் தினம் 1200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் நோய் திடீரென முற்றும் தடவைகள் குறைந்தன. இரண்டும் நாள்பட்ட நோய்க்காரர்களிடம் செய்தவை, என்னைப் போல நிமோனியா வந்து தேறுகிறவர்களுக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பெயரைக் கேட்டாலே கை நீட்டுகிறவர்கள் பின்லாந்து ஆய்வையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்: 29,133 ஆண் புகைபிடிப்பவர்கள், 1994இல் முடிவு வந்தது, பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்.

வாங்குவதாக இருந்தால் சில விஷயம். ஆன்டிபயாட்டிக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டில் இருக்கிறது, பொடி எழுத்தில். இருமலை அடக்கும் சிரப்போடு சேர்க்கக் கூடாது, இளகின சளி வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே தேங்கும். நுரைக்கும் மாத்திரை என்பதால் சோடியம் இருக்கிறது, ரத்தக் கொதிப்புக்காரர்கள் பார்த்துக்கொள்ளவும். ஆஸ்துமா, வயிற்றுப் புண், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து, இதில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ராத்திரி தூங்கப் போகும்போது குடிக்காதீர்கள், நான் குடித்தேன், விடிய விடிய எழுந்து உட்கார்ந்து இருமினேன்.

சளிக்கு நாலு, பெட்டிக்கு ஒன்று, மொத்தத்தில் இரண்டரை. டியூப் மூடி வேறு சரியாக உட்காராது, ஈரம் உள்ளே போய் கடைசி மூன்று மாத்திரையும் தண்ணீரைப் பார்க்காமலே நுரைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.